நெய்தல் திரிந்த கதை

பினாங்குத் தீவின் கீழ்க்கரையில், ஜார்ஜ் டவுன் துறைமுகத்தருகே நின்று கிழக்கே நோக்குவார்க்கு, குறுகிய கடலுக்கு அப்பால் தாழ்ந்து நீண்டு கிடக்கும் ஒரு நிலப்பரப்புத் தோன்றும். செபராங் பிறை என்பது அதன் பெயர். 'செபராங்' என்னும் மலாய்ச் சொல்லுக்கு எதிர்க்கரை என்பது பொருள். பிறை என்பது அங்கே கடலிற் கலக்கும் ஓர் ஆற்றின் பெயர். பினாங்கின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இக்கரையைப் பற்றியே எழுதுவர். கோட்டை, கிடங்கு, வணிகர் மாளிகை, சூலியா வீதி என்று அவர்தம் எழுத்து விரியும். அக்கிடங்குகளில் அடுக்கப்பட்ட சர்க்கரை விளைந்த அக்கரையைப் பற்றிக் கேட்பார் சிலரே. தமிழர்க்கோ அந்த அக்கரையே நெருங்கிய உறவுடையது. அதன் சேற்றை வெட்டியவர்களில் பெரும் பகுதியினர் நம்மவர்.

மழை பொய்த்த வேனிலில் முல்லையும் குறிஞ்சியும் வறண்டு பாலையாக மாறும் என்பது சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் காட்டும் உண்மை. தமிழாசிரியர் யாவரும் இதனை மாணவர்க்கு எடுத்துரைப்பர். நெய்தல் நிலமும் அவ்வாறு திரிவது உண்டா? உண்டாயின், யாரால் திரியும், அதன் இழப்பு யாரைச் சேரும்? செபராங் பிறையின் 200 ஆண்டு வரலாறு இவ்வினாக்களுக்கு விடை கூறுகிறது.

அக்கரையின் தொடக்கம்

1786ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பிரான்சிஸ் லைட் என்பார் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் பினாங்குத் தீவைக் கைக்கொண்டார். தீவு அதுவரை கெடா சுல்தானுக்கு உரியதாய் இருந்தது. நம் முன்னோர் கடாரம் என்று அழைத்த நாடே கெடா. தீவில் மக்கள் பெருகப் பெருக, அவர்களுக்கு உணவு தரும் நிலமும், கடற்கொள்ளைக்காரர் ஒதுங்க இடங்கொடாத கரையும் வேண்டியிருந்தன. எனவே 1800இல் ஓர் உடன்படிக்கை செய்து, மூடா ஆற்றுக்கும் கிரியான் ஆற்றுக்கும் இடைப்பட்ட கடற்கரையைக் கம்பெனியார் பெற்றனர். தீவுக்கும் கரைக்குமாகச் சேர்த்து ஆண்டுதோறும் சுல்தானுக்கு 10,000 டாலர் கொடுப்பதென முடிவாயிற்று. அப்போது இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக விளங்கிய வெல்லஸ்லி பிரபுவின் பெயரை அந்நிலத்துக்கு இட்டனர்.

வாங்கியவர் கண்ணுக்கு அது காடும் சதுப்புமாகவே தோன்றியது. ஆயினும் அது வெறும் நிலமன்று. ஆற்று முகங்களில் மீன்பிடித்தும், மேட்டு நிலங்களில் நெல் பயிரிட்டும் வாழ்ந்த மலாய்க் குடிகள் அங்கிருந்தனர். 1821இல் சயாமியப் படை கெடாவைத் தாக்கியபோது, உயிர் தப்பி வந்தோர் பலர் இங்கே குடியேறினர். கடலோரத்திலோ கண்டல் மரங்கள் அடர்ந்திருந்தன. சங்கப் புலவர் நெய்தல் நிலத்திற் கண்டு பாடிய கண்டலின் இனமே மலாய் மொழியில் பாக்காவ் எனப்படுகிறது. அலை வந்து போகும் சேற்றில் வேரூன்றி நிற்கும் இம்மரங்களின் அடியில்தான் இறாலும் நண்டும் பலவகை மீன்களும் குஞ்சுப் பருவத்தைக் கழிக்கின்றன. கரைக்கு வேலியாகவும், மீனுக்குத் தொட்டிலாகவும், ஏழைக்கு விறகாகவும் பயன்பட்ட இக்காட்டுக்குக் கம்பெனியின் கணக்கில் விலை ஏதும் குறிக்கப்படவில்லை.

கரும்பு வந்த வழி

அக்கரையின் தென்பகுதியில், ஆறுகளும் கடலும் சூழ்ந்த பத்து காவானில், முதன்முதற் கரும்பு பயிரிட்டவர் சீனரே. 1840களில் ஐரோப்பியர் பலர் இத்தொழிலில் இறங்கினர். இதற்குக் காரணம் உலகின் மறுகோடியில் இருந்தது. மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்கள் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பால் நடந்தவை. 1833ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டதும், அங்கே சர்க்கரை விளைவு தளர்ந்தது. முதலாளிகள் வேறு நிலத்தையும் வேறு கைகளையும் தேடினர். ஜமெய்க்காவிற் கரும்புத் தொழில் பழகிய லெனார்டு ரே என்பவர் பின்னர்ப் பினாங்குப் பகுதிக்கு வந்து தோட்டம் நடத்தி, 1848இல் கரும்பு வேளாண்மை பற்றி ஒரு நூலே எழுதி வெளியிட்டார். ஒரு தொழில் ஒரு கடலிலிருந்து மற்றொரு கடலுக்கு இடம்பெயர்ந்த வரலாற்றை இவர் ஒருவரின் வாழ்க்கையே காட்டுகிறது.

சதுப்பைத் தோட்டமாக்குவது எளிய செயலன்று. முதலில் மரங்களை வெட்ட வேண்டும். பின்னர்க் கடல்நீர் உட்புகாதவாறு நீண்ட கரை எழுப்ப வேண்டும். கரையில் மதகு அமைத்து, அலை இறங்கும்போது திறந்து உள்நீரை வெளியேற்றவும், ஏறும்போது அடைத்துக் கடல்நீரைத் தடுக்கவும் வேண்டும். உள்ளே சிறியவும் பெரியவுமான கால்வாய்களை வெட்ட வேண்டும். வெட்டிய கரும்பு அக்கால்வாய்களின் வழியே படகேறி ஆலைக்குச் செல்லும். ஆலையிற் பிழிந்த சாற்றைக் காய்ச்ச விறகு வேண்டும். ஆக, கரையும் மதகும் விறகுமே அக்காலக் கரும்புத் தோட்டத்தின் உயிர்நிலை. இம்மூன்றையும் கொடுத்தது சதுப்பு நிலம். இம்மூன்றாலும் அழிந்ததும் அதுவே.

கரும்பு மருதத்தின் பயிர் என்பது தமிழ் மரபு. இங்கே நெய்தலை வலிந்து மருதமாக்கினர். ஆனால் நெய்தல் தன் இயல்பை எளிதில் விடுவதில்லை. அலைச் சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு பொருள் உறங்கிக் கிடக்கும் எனவும், நீரை வடித்துக் காற்றுப் படச் செய்தால் அது அமிலமாகி மண்ணையும் ஓடையையும் கெடுக்கும் எனவும் இன்றைய மண்ணியலார் கூறுவர். மற்றொன்றும் உண்டு. கண்டலை வெட்டி, அலை வந்து கழுவாதபடி நீரைத் தேக்கினால், வெயில் படும் அவ்வுவர்நீரில் மலேரியாவைப் பரப்பும் கொசுவகை ஒன்று பெருகும். காடு வெட்டுதலுக்கும் காய்ச்சலுக்கும் உள்ள இத்தகைய உறவுகள், 1901 முதல் கிள்ளான் வட்டாரத்தில் மருத்துவராகப் பணியாற்றிய மால்கம் வாட்சன் போன்றோரின் ஆய்வுகளால்தாம் தெளிவாயின. அதற்கு முன்னரே அக்கரையிற் கரும்பு இரண்டு தலைமுறைகளைக் கண்டுவிட்டது.

சஞ்சிக் கூலி

அச்சேற்றில் இறங்கியவர் யார்? சீனத் தொழிலாளரும் இருந்தனர். மலாய்க்காரரும் மரம் வெட்டும் வேலையில் ஈடுபட்டனர். ஆயினும் ஐரோப்பியர் தோட்டங்கள் பெரிதும் நம்பியிருந்தது தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளரையே. அவர்களை மலாயாத் தமிழர் 'சஞ்சிக் கூலி' என்றனர். வாக்குறுதி எனப் பொருள்படும் 'ஜாஞ்ஜி' என்னும் மலாய்ச் சொல்லே தமிழர் நாவிற் சஞ்சி ஆயிற்று. நாகப்பட்டினத்திற் கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்கினர். நோய் ஐயம் இருந்தால் ஜெரெஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமில் நிறுத்தப்பட்டனர். கப்பற் செலவும் முன்பணமும் அவர்கள் பெயரிற் கடனாக எழுதப்பட்டன. அக்கடன் கூலியிலிருந்து கழிக்கப்பட்டது. நோயுற்று வேலைக்குச் செல்லாத நாள் கூலியற்ற நாளாதலின், நோய் கடனை வளர்த்தது. கடன் ஒப்பந்தத்தை நீட்டித்தது.

இத்தோட்டங்களின் உடைமையாளர் சிலர் இந்நிலத்தில் வாழ்ந்தவரும் அல்லர். பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் எட்வர்டு ஹார்ஸ்மனும், அவர் மைத்துனர் சர் ஜான் இராம்ஸ்டனும் கலிடோனியா முதலிய தோட்டங்களுக்கு உரிமை பெற்றனர். இராம்ஸ்டன் இங்கிலாந்தின் ஹட்டர்ஸ்பீல்டு நகரில் பெரும்பகுதி நிலத்துக்கு உடைமையாளர். நிபோங் தெபால் அருகே ஒருவர் முழங்கால் சேற்றில் நின்று கால்வாய் வெட்ட, அதன் பயன் யார்க்ஷயரில் ஒரு மாளிகையைச் சென்று சேர்ந்தது.

தமிழர் கைகள் இன்றி இத்தொழில் நில்லாது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியே சான்று. 1867இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய அரசாங்கத்திலிருந்து பிரிக்கப்பட்டு, இலண்டனின் நேர் ஆட்சிக்கு உட்பட்டன. அதன் விளைவாக, இந்தியச் சட்டப்படி இங்கு ஒப்பந்தத் தொழிலாளரை அனுப்புவது தடைப்பட்டது. தோட்ட முதலாளிகள் முறையிட்டனர். 1872இல் வழி மீண்டும் திறக்கப்பட்டது. 1890இல் தொழிலாளர் நிலை குறித்து ஓர் ஆணைக்குழு ஆராய்ந்து அறிக்கை அளித்தது. எனினும் ஒப்பந்த முறைக்கு ஆள் சேர்ப்பது 1910இல்தான் நிறுத்தப்பட்டது.

தோட்டத்துக் கிராணியின் பேரேட்டில் எத்தனை மூட்டைச் சர்க்கரை, எத்தனை ஆள், எவ்வளவு கடன் என்பனவெல்லாம் பதிவாயின. ஆற்றில் அந்த ஆண்டு மீன் குறைந்ததா என்பதை எழுத அதில் ஒரு பத்தியும் இல்லை.

பால்மரமும் செம்பனையும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாவாச் சர்க்கரையின் போட்டியாலும், ரப்பருக்கு எழுந்த பெருவிலையாலும் கரும்புத் தொழில் வீழ்ந்தது. முதல் உலகப் போர் தொடங்குவதற்குள் அக்கரைக் கரும்பின் கதை ஏறக்குறைய முடிவுற்றது. பால்மரம் வந்தது, பின்னர்ச் செம்பனையும் வந்தது. ஆனால் லயங்களில் வாழ்ந்தவர் தமிழரே. கோயிலும் பள்ளியும் எழுந்தன. இன்றும் செபராங் பிறைத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களைப் படித்துப் பாருங்கள்: பத்து காவான் தோட்டம், பைராம் தோட்டம், வால்டோர் தோட்டம், சங்காட் தோட்டம், மலாக்கோப் தோட்டம், அல்மா தோட்டம். மலாக்கோப், அல்மா என்பன 1850களில் கருங்கடலோரத்தில் நடந்த கிரிமியப் போரிற் புகழ்பெற்ற போர்க்களங்களின் பெயர்கள். அவற்றை இன்று நம் குழந்தைகள் தங்கள் சட்டைப் பையின்மேற் பள்ளிச் சின்னத்தில் அணிந்து செல்கின்றனர்.

1950களில் மலாயாவெங்கும் வெள்ளையர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, தொழிலாளர் வேலையோடு வீட்டையும் இழந்தனர். அந்நெருக்கடியே 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கக் காரணமாயிற்று. நிலத்தைத் திருத்தியவர்க்கு அந்நிலத்தில் உரிமை இல்லை என்னும் உண்மையை முதன்முறை உரக்கச் சொன்ன முயற்சி அது எனலாம்.

இதற்கிடையே சர்க்கரை அக்கரைக்கு ஒருமுறை திரும்பி வந்தது. 1964இல் பிறையிற் சர்க்கரைச் சுத்திகரிப்பு ஆலையொன்று இயங்கத் தொடங்கியது. ஆனால் அதற்கு வேண்டிய கச்சாச் சர்க்கரை கப்பலில் வந்தது. எந்தப் பயிருக்காகக் கண்டற்காடு வெட்டப்பட்டதோ, அந்தப் பயிர் இந்நிலத்தில் அப்போது இல்லை. காடும் இல்லை.

ஜூரு ஆறு

1960களின் இறுதியிற் பினாங்கு பெருந்துன்பத்தில் இருந்தது. கட்டற்ற துறைமுகம் என்னும் பழைய வாழ்வு தளர்ந்து, இளைஞர் வேலையின்றித் திரிந்தனர். 1969இல் முதலமைச்சரான லிம் சோங் இயூவின் ஆட்சியிற் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் அமைந்தது. தீவிற் பாயான் லெப்பாசிலும், அக்கரையிற் பிறையிலும் தொழிற்பேட்டைகள் வளர்ந்தன. இதனாற் பல்லாயிரவர் பிழைத்தனர் என்பதை மறைத்தல் நேர்மையன்று. தோட்டத்தை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர்க்கு இத்தொழிற்சாலைகளே சோறிட்டன.

ஆனால் பிறைத் தொழிற்பேட்டையின் கழிவுகள் கால்வாய் வழியே ஜூரு ஆற்றை அடைந்தன. அவ்வாற்றின் முகத்தில் கோலா ஜூரு என்னும் மலாய் மீனவர் சிற்றூர் உண்டு. 1970களின் முதற்பகுதியிலேயே அவர்கள் வலையில் மீன் குறைந்தது. நீரின் நிறமும் மணமும் மாறின. அவர்கள் முறையிட்டபோது அவர்களுக்குத் துணை நின்றது, 1970ஆம் ஆண்டையொட்டித் தோன்றிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம். அதன் தலைவராய் நெடுங்காலம் விளங்கி 2019இல் மறைந்த எஸ். எம். முகமது இத்ரீஸ் தமிழ்நாட்டிற் பிறந்து பினாங்கில் வாழ்ந்தவர். கோலா ஜூருவின் போராட்டத்தைச் சங்கம் 1976இல் நூலாக வெளியிட்டது. மீனவர் கூட்டுறவு அமைத்து, கெராங் எனப்படும் சிப்பியைச் சேற்றில் வளர்த்துப் பிழைக்க முயன்றனர். சிப்பியோ தான் கிடக்கும் நீரையே உண்டு வளர்வது. ஆறு தூய்மையாய் இராவிடின் அத்தொழிலுக்கு அடிப்படையே இல்லை.

மலேசியாவில் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974இல் இயற்றப்பட்டது. பிறைத் தொழிற்பேட்டையிற் புகைபோக்கிகள் எழுந்த பின்னரே அச்சட்டம் வந்தது. இஃது இந்நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவில் ஆலைக் கழிவின் பாதரசம் மீன் வழியே மக்களை அடைந்து நோயாக்கியது 1956இல் வெளிப்பட்டது. தமிழ்நாட்டிற் பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பற்றி இந்திய உச்சநீதிமன்றம் தீர்ப்புக் கூறியது 1996இல். எங்கும் முறை ஒன்றே. முதலில் ஆலை வரும். அடுத்து நீர் கெடும். அதன்பின் நீரை நம்பி வாழ்வோர் கூக்குரலிடுவர். இறுதியிற் சட்டம் வரும்.

இன்றைய அக்கரை

பத்து காவானின் பழைய தோட்ட நிலத்தில் இன்று தொழிற்பூங்காவும் புதுநகரும் எழுந்துள்ளன. 2014 மார்ச்சில் திறக்கப்பட்ட, 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் பினாங்குப் பாலம் தீவிலிருந்து அங்கே சென்று இறங்குகிறது. கரும்பு, பால்மரம், செம்பனை, ஆலை எனத் தன் கோலத்தை இத்தனை முறை மாற்றிக்கொண்ட நிலம் அது. ஒவ்வொரு மாற்றமும் மேலே, தொலைவில், முடிவு செய்யப்பட்டது. சேற்றில் நின்றவரை ஒருமுறையும் யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை.

அதே வினா இப்போது தீவின் தென்கரையில் எழுந்துள்ளது. கடலைத் தூர்த்து மூன்று செயற்கைத் தீவுகள் அமைக்கும் திட்டத்துக்கு 2019இற் சுற்றுச்சூழல் ஒப்புதல் கிடைத்தது. மீனவர் மேல்முறையீடு செய்ய, 2021இல் அவ்வொப்புதல் நீக்கப்பட்டது. 2023இல் மீண்டும் ஒப்புதல் பெற்று, திட்டம் ஒரு தீவாகச் சுருக்கப்பட்டு, அவ்வாண்டே தூர்க்கும் பணி தொடங்கியது. இத்திட்டம் வேண்டுமா வேண்டாவா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் ஒரு வேறுபாட்டை வரலாறு படிப்போர் குறித்துக்கொள்ள வேண்டும். 1840களில் மதகு கட்டியவனை எதிர்த்து ஒரு மீனவனும் மன்றம் ஏற முடிந்ததில்லை. இன்று ஏற முடிகிறது. கோலா ஜூருவைப் போன்ற சிற்றூர்கள் அரைநூற்றாண்டாக எழுப்பிய குரல் அதற்கு வழிகோலியது.

மற்றொரு செய்தியும் மகிழ்ச்சி தருவது. 1997 முதல் பினாங்குக் கரையோர மீனவர் நலச் சங்கத்தார் கண்டற் கன்றுகளை நட்டு வருகின்றனர். தொடக்கத்தில் அவர்களைப் பலர் பொருட்படுத்தவில்லை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை எழுந்து பினாங்கில் 50க்கு மேற்பட்டோர் உயிரிழந்தபின், அலைக்கு வேலியாகும் கண்டலின் அருமை மற்றவர்க்கும் விளங்கிற்று. பாட்டன் காலத்தில் வெட்டப்பட்ட காட்டைப் பேரர் கன்று கன்றாக நட்டு மீட்கின்றனர்.

நாம் கற்பிக்க வேண்டுவது

'காட்டைத் திருத்தி நாட்டை வளமாக்கினோம்' என்பது மலேசியத் தமிழர் பெருமையோடு கூறும் தொடர். அப்பெருமைக்கு நாம் முழு உரிமை உடையோம். கடனும் காய்ச்சலும் சுமந்து, பெயரின்றிப் புதைந்தவர்களின் நினைவு அத்தொடரில் அடங்கியிருக்கிறது. ஆனால் அத்தொடரை அவ்வளவில் நிறுத்திவிட்டால் வரலாறு பாதியிலேயே நின்றுவிடும். திருத்தப்பட்ட காடு பிறரொருவரின் வாழ்வாய் இருந்தது. திருத்தியவரும் பின்னாளில் அந்நிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டனர். சஞ்சிக் கூலியும் கோலா ஜூரு மீனவரும் வெவ்வேறு இனத்தவர், வெவ்வேறு நூற்றாண்டினர். இருவர் இழப்பும் எழுதப்படாது விடுபட்டது ஒரே பேரேட்டில்தான்.

சேற்றிலிறங்கிய தமிழன் அதைத் தன் விருப்பால் செய்யவில்லை. ஆதலின் இதில் நாம் நாண வேண்டியது ஏதுமில்லை. ஆனால் நம் இழப்பை மட்டும் எண்ணி, அருகிலிருப்பவர் இழப்பை எண்ணாது விடுவோமாயின், கிராணியின் பேரேட்டை நாமே தொடர்ந்து எழுதுவோர் ஆவோம்.

செபராங் பிறையிற் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இப்பாடத்தை நடத்தத் தனி நூல் வேண்டுவதில்லை. பள்ளியின் பெயர்ப்பலகையே போதும். 'தோட்டம்' என்று அதில் எழுதியிருக்கிறதே, அத்தோட்டம் எங்கே என்று மாணவரைக் கேட்கலாம். அதில் முதலில் என்ன விளைந்தது, அதற்கு முன் அங்கே என்ன மரம் நின்றது, அருகிலுள்ள ஓடை எங்கே சென்று கலக்கிறது, அங்கே மீன் பிடிப்பவர் யார் என்று வீட்டு முதியோரிடமும் அயலாரிடமும் கேட்டு எழுதி வரச் செய்யலாம். அவ்வேடுகளிற் சில, இதுவரை யாரும் எழுதாத பத்தியை நிரப்பித் திரும்பி வரக்கூடும்.